ஜூலையில் ஏழு நாள்

கீழ் வீட்டு அக்காவிடம் பேச்சுக்குக்கூட "ஒரு நாள்" என்று சொல்லிவிடக் கூடாது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த நாலு வீட்டு ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம், இது தெரியாமல் நான் சொல்லிவிட்டேன். படிக்கட்டில் எதிர்ப்பட்டார், சிரித்தார். நானும் சிரித்து, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்கக்கா" என்றேன்.

"என்னைக்கு?" என்றார்.

அப்படித் திருப்பிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு சர்ச். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, சரியா?"

சனிக்கிழமை நான் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். என் கணவர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு ஹாலில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். சரியாக ஐந்து மணிக்கு காலிங் பெல் அடித்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, பொட்டில்லாத அகல நெற்றி, கையில் ஒரு டப்பா நிறைய கேக். பாத்ரூமுக்குள் ஓடிய கணவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அக்கா எதையும் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல், தரையில் கிடந்த திருகாணிகளை மிதிக்காமல் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். காபி குடித்தார். என் பையனின் பிறந்த நாள் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டார். ஆறு மணிக்கு எழுந்து போய்விட்டார்.

அவருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்தவர். நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் அந்த அம்மா இறந்துபோயிருந்தார். ஹாலில் சர்ச்சில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். அதன் கட்டங்களில் தண்ணீர் லாரி வரும் நாள், கேஸ் வரும் நாள், யார் யார் எதை எப்போது செய்வதாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

எங்கள் ஃபிளாட்டைக் கட்டிய புரமோட்டர் மாடிப்படிக்குக் கைப்பிடி போடாமலே விட்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் "போட்டுடலாம் சார், ஒரு நாள் ஆள் அனுப்பறேன்" என்பார். ஆண்கள் மூன்று பேர் மூன்று வருஷம் கேட்டுப் பார்த்தார்கள். அக்கா ஒரே ஒரு முறை கேம்ப் ரோட்டில் இருந்த அவர் ஆபீசுக்குப் போய், "என்னைக்கு?" என்று கேட்டு, அவர் சொன்ன தேதியைக் காலண்டரில் எழுதிவைத்தார். அந்தத் தேதியில் ஆள் வரவில்லை. மறுநாள் அக்கா லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடும் ஒரு பைபிளோடும் புரமோட்டர் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டார். சண்டை போடவில்லை. குரலை உயர்த்தவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "யாரு இவங்க?" என்று கேட்கக் கேட்க, மத்தியானம் மூன்று மணிக்கு இரும்புக் குழாய்களோடு வெல்டர் எங்கள் வாசலில் நின்றார்.

இதே குணம் சில நேரம் தர்மசங்கடத்திலும் கொண்டுபோய் விட்டது. மாடியில் எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அக்காவும் நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தோம். பஜ்ஜி சாப்பிட்டு எழுந்தவர்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினோம். அக்கா மட்டும், "என்னைக்குச் சொல்லி அனுப்புவீங்க?" என்றார். அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. பெண்ணின் அம்மா ஒரு வருஷம் அக்காவோடு பேசவில்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் வந்து, "போன தடவை வந்தவங்களுக்காக மூணு மாசம் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்க்கா. இது எவ்வளவோ மேல்" என்றாள்.

ஹாலிடே ரிசார்ட் மெம்பர்ஷிப் விஷயம் வந்தது இரண்டாயிரத்து நாலில். தாம்பரத்தில் துணி எடுத்த கடையில் ஒரு கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டிருந்தேன். ஒரு பெண் போன் செய்து, எனக்குப் பரிசு விழுந்திருக்கிறது, குடும்பத்தோடு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். ஒரு மணி நேரம் அவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும். பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அக்காவையும் கூப்பிட்டேன். சர்ச்சிலிருந்து நேராக வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

ஹால் முழுக்க வட்ட மேஜைகள். பாட்டு காதைப் பிளந்தது. யாராவது கையெழுத்துப் போட்டால் மைக்கில் அவர்கள் பெயரைச் சொல்லி, ஊழியர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் மேஜைக்கு வந்த இளைஞர் டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆல்பத்தைத் திறந்தார். ஊட்டி, மூணாறு, கோவா. வருஷத்தில் ஒரு வாரம், இருபத்தைந்து வருஷத்துக்கு. "இன்னைய ரூம் வாடகையப் பாருங்க சார். இருபது வருஷம் கழிச்சு என்ன ஆகும்? நீங்க இன்னைக்கே லாக் பண்ணிடறீங்க." அந்த விலை அன்றைக்கு ஒரு நாள்தானாம்.

என் கணவர் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மூன்று கோடையாக "அடுத்த வருஷம் ஊட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் என் காதருகே குனிந்து, "காசு கட்டிட்டா போய்த்தானே ஆகணும்? இல்லாட்டி நாம எங்கயும் போக மாட்டோம்" என்றார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. அவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

பையனுக்கு ஜூஸ் புகட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "எந்த வாரம் தம்பி?" என்று அந்த இளைஞரைக் கேட்டார்.

"எந்த வாரம் வேணாலும் மேடம். உங்க இஷ்டம்."

"மே மாசம் ரெண்டாவது வாரம். ஊட்டி."

"தாராளமா மேடம்."

"ரூம் இருக்கான்னு இப்ப போன் போட்டுக் கேளுங்களேன்."

"அது மெம்பர் ஆன பிறகுதான் மேடம் புக்கிங்..."

"புக் பண்ணச் சொல்லலையே. இருக்கான்னுதான் கேக்கறேன்."

இளைஞர் மேனேஜரை அழைத்து வந்தார். மேனேஜர் விலையில் கொஞ்சம் குறைத்தார். அக்கா அதற்கு நன்றி சொல்லிவிட்டு, மறுபடி மே மாதம் இரண்டாவது வாரத்தைக் கேட்டார். கடைசியில் எங்கோ போன் போட்டார்கள். மே மாதம் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. ஜூன் மூன்றாவது வாரத்திலிருந்து எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். பையனுக்கு ஜூன் முதல் வாரமே ஸ்கூல் திறந்துவிடும்.

"அடுத்த வருஷம் முன்கூட்டியே புக் பண்ணிக்கலாம்க்கா" என்றார் என் கணவர், பேனாவை வைக்காமல்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு லீவு என்னைக்குத் தம்பி?"

"போட்டா கிடைக்கும்."

"போன வருஷம் என்னைக்குப் போட்டீங்க?"

அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"அதுக்கு முந்தின வருஷம்?"

"எங்க அம்மா காரியத்துக்கு" என்றார். சொல்லும்போது அவர் முகம் சிவந்துபோனது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேஜையில் யாரோ கையெழுத்துப் போட, எங்களைச் சுற்றி நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

பரிசு நாற்பத்தைந்து நாளில் கூரியரில் வரும் என்றார்கள். அக்கா தேதி கேட்டார். பத்து நிமிஷத்தில் ஒரு டிராவல் பேக் எங்கள் கைக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு தாம்பரம் பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

வீட்டுக்குள் வந்ததும் என் கணவர் வெடித்தார். "என் லீவைப் பத்திக் கேக்க அவங்க யாரு? மூணாம் மனுஷன் முன்னாடி வெச்சு!" எனக்கும் அக்கா மேல் கோபம்தான். ஆனால் அக்கா கேட்டதை நான் ஏன் இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்ற கோபமும் அதோடு சேர்ந்திருந்தது. மறுநாள் படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தி, "நான் அதிகமாப் பேசிட்டேனாம்மா?" என்றார். "அதெல்லாம் இல்லக்கா" என்றேன், முகத்தைப் பார்க்காமல். அதற்குப் பிறகு ஒரு தலையசைப்போடு சரி.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கூரியர்காரர் கீழ் வீடு பூட்டியிருக்கிறது என்று ஒரு தடித்த கவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேலே அந்த மெம்பர்ஷிப் கம்பெனியின் பெயர். உள்ளே அட்டை ஒன்று இருப்பது தடவிப் பார்த்தாலே தெரிந்தது. என் கணவர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்மள வேணாம்னு தடுத்துட்டு, அவங்க போய் வாங்கியிருக்காங்க பாத்தியா?"

அன்று சாயங்காலம் அக்கா வந்ததும் கவரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கேட்டே விட்டேன். அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அந்த ஆபீசுக்கு அதற்குப் பிறகு நாலு தடவை போயிருக்கிறார். ஒப்பந்தத்தில் ஒரு வரி விடாமல் படித்து, புரியாத இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வருஷா வருஷம் பராமரிப்புக்கு என்று தனியாகக் கட்ட வேண்டும், அது ஏறிக்கொண்டே போகும் என்ற வரிக்கு இரண்டு கோடு. அவர் எடுத்திருந்தது யாரும் கேட்காத மழைக்காலம், இருப்பதிலேயே சின்ன ரூம், இருப்பதிலேயே குறைந்த விலை. அந்த வருஷம் ஜூலை மூன்றாவது வாரம் ஏற்காட்டில் ரூம் உண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய கடிதமும் அதில் இருந்தது.

"உங்களுக்கு மே மாசம் வேணும். புள்ளைக்கு ஸ்கூல் இருக்கு. தம்பிக்கு லீவு கிடைக்காது. உங்களுக்கு அது வேஸ்ட்டும்மா, அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்றார். "எனக்கு ஸ்கூலும் இல்ல, புருஷனும் இல்ல. லீவு கொள்ளையா கிடக்கு. எனக்கு ஜூலை போதும்."

"தனியாவா போவீங்க?"

"ஏன், வழி தெரியாதா எனக்கு?"

அந்த ஜூலையில் பெருங்களத்தூரில் சேலம் பஸ் ஏறித் தனியாகத்தான் போனார். சர்ச்சில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்களாம். ஏழாவது நாள் திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஏழு நாளும் மழை. காலையில எட்டு மணி வரைக்கும் தூங்கினேன்" என்றார், ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போல.

மறு ஜூலைக்கு எங்கள் நாலு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற தனத்தைக் கூப்பிட்டார். தனம் என்னிடம் வந்து புலம்பினாள். "அங்க வந்து நான் இன்னா பண்றதுன்னு கேட்டேன்க்கா. ஒண்ணியும் பண்ண வேணாம், அதுக்குத்தான் வான்னுது. பேஜாரா கீதுக்கா." பேஜாராக இருந்தாலும் போனாள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு அவளுக்கு வேறு பேச்சே இல்லை. "ஒரு ஆளு தெனம் வந்து நம்ம படுக்கைய ஒதறி மடிச்சு வெச்சிட்டுப் போறான்க்கா! நான் துன்ன தட்ட அவன் எடுத்துகினு போறான்! நான் குடுக்கல, இழுத்துப் புடிச்சேன். இந்தக்கா சிரிக்குது." பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதை அவள் சொல்ல, காபிக்காகச் சமையலறை வாசலில் நின்ற என் கணவர் முழுக்கக் கேட்டார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு நாங்கள் முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனோம். அக்காவும் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். சில வருஷம் போனில் பேசினோம். அப்புறம் நம்பர் மாறி, தொடர்பு விட்டுப்போனது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மூன்றாவது ஜூலைதான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் மேலே ஏறி வந்தார். என் கணவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தார். "கீழ ஒரு மெத்தை போட்டா ரூம்ல நாலு பேர் படுக்கலாம். நான் வெள்ளிக்கிழமை போறேன். நீங்க அடுத்த புதன்கிழமை வாங்க, வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் சேர்ந்து திரும்பிடலாம்."

"பாக்கலாம்க்கா" என்றார் அவர்.

"வேணாம்னா சொல்லிடுங்க தம்பி, கோவிச்சுக்க மாட்டேன். தனம் ரெடியா நிக்குது."

அவருக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறுநாள் மூன்று நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எழுதிக் கொடுத்ததை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பையனின் ஸ்கூலுக்கு நான் லீவு லெட்டர் எழுதினேன்.

ஏற்காட்டில் மழை தூறிக்கொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்தது. முதல் நாள் முழுக்க அவர் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவர் தேடி மேட்டில் ஏறினார், இறங்கினார். மறுநாள் அலுத்துப்போய் வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. பையன் பக்கத்தில் உட்கார்ந்து குறட்டையை எண்ணினான். எழுப்பப் போன என்னை அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார்.

சாயங்காலம் அவர் எழுந்து பையனை அழைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனார். நானும் அக்காவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் இருந்தோம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "இதை ஏங்க்கா வாங்கினீங்க? ஜூலையில வாடகைக்கே ரூம் சும்மா கிடைக்குமே. பராமரிப்புக்குக் கட்டறதுக்கு மாசக்கணக்குல புலம்பறீங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அம்மா படுத்திருந்தப்ப என் அண்ணன் வருவான். 'ஒரு நாள் நாங்க வந்து பாத்துக்கறோம், நீ எங்கயாவது போயிட்டு வா'ம்பான். நானும் எங்க போகலாம், எந்தப் புடவை எடுத்துக்கலாம்னு யோசிப்பேன். பதினோரு வருஷம்மா. அவன் பொய் சொல்லல. அவனுக்கு நிஜமாவே மனசு இருந்துச்சு. தேதிதான் இல்ல. அம்மா போனப்புறம் லீவு போட்டேன். எங்க போறதுன்னு தெரியல. கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன், நாலு நாள்."

மழை கொஞ்சம் வலுத்தது. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு அந்த ஹால்ல, தம்பி பேனாவ வெச்சுட்டாரு. அப்புறம் அந்த டை கட்டின பையன் என் பக்கம் திரும்பி, 'நீங்க எடுத்துக்கலாமே மேடம், இருபத்தஞ்சு வருஷம்'னான். சும்மா வியாபாரத்துக்குத்தான் சொன்னான், எனக்குத் தெரியாதா? ஆனா என்னைப் பாத்து யாரும் இருபத்தஞ்சு வருஷம்னு சொன்னதே இல்லம்மா. ஆபீஸ்ல ரிட்டயர்மெண்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்குன்னு கேப்பாங்க. சர்ச்சுல கல்லறை இடத்துக்கு இப்பவே எழுதிவெச்சுக்கச் சொல்வாங்க. அவன் ஒருத்தன்தான் அப்படிச் சொன்னான். வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அன்று படுக்கும்போது இதை என் கணவரிடம் மெல்லிய குரலில் சொன்னேன். கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவின் ஏழு நாள் முடிகிறது. ஒன்பது மணிக்கே அவர் பெட்டியைக் கட்டி, போர்வைகளை மடித்து, ரூமைக் கூட்டாத குறையாக ஒழுங்குபடுத்திவிட்டார். குளித்துவிட்டு வெளியே போன என் கணவரைக் காணவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது நனைந்த தலையோடு வந்தார். கையில் ஒரு சாவி.

"பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்காம். திங்கக்கிழமை காலை வரைக்கும் வாடகைக்கு எடுத்துட்டேன்" என்றார்.

"ஃபேக்டரி?" என்றேன்.

"ரிசப்ஷன் போன்ல எங்க மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். திட்டினாரு. திட்டட்டும்."

அக்கா முகமெல்லாம் மலர்ந்து, "நல்லது தம்பி, சந்தோஷமா இருந்துட்டு வாங்க. நான் கிளம்பறேன், எனக்கு ஏழு நாள் முடிஞ்சுது" என்று பெட்டியைத் தூக்கினார்.

என் கணவர் அந்தப் பெட்டியை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அந்த ரூம் என்னோடதுக்கா. நீங்க என் விருந்தாளி. இங்க ஒரு சர்ச் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆராதனையாம். விசாரிச்சுட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பையன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தான். உள்ளே எல்லாம் அச்சாக இந்த ரூம் போலவே இருந்தது. அதே கட்டில், அதே திரைச்சீலை, அதே பிரம்பு நாற்காலி. நாங்கள் மூன்று பேரும் செருப்புக் காலோடு உள்ளே போய்ப் பைகளைப் போட்டோம். திரும்பிப் பார்த்தால் அக்கா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்திருந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முதல் முறையாக ஒருவர் வீட்டுக்கு வந்தவர் போல, "உள்ள வரலாமா தம்பி?" என்று கேட்டார்.